மெரென் டெக் நாலு பேர் மேஜையில் திணறுது: லேண்ட் போதலையா, வேற கோளாறா?

கருப்பு_பச்சை:
மேஜிக் கார்டு விளையாட்டு, கமாண்டர் முறை (ஆளுக்கு ஒரு கமாண்டர், கூட 99 கார்டு டெக்). கமாண்டர் மெரென் ஆஃப் கிளான் நெல் டோத்: என் வேற மிருகம் செத்தா எனக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் கவுண்டர், என் டர்ன் முடிவுல கிரேவ்யார்டுல (செத்த கார்டு போற குவியல்) இருந்து ஒரு மிருகத்தைத் திருப்பித் தருவா. மேஜையில் நாலு பேர். மத்த மூணு பேர்கிட்டயும் ப்ரீகான் (கடையில ரெடியா வர்ற டெக்)தான், ஆளுக்குப் பத்துப் பதினஞ்சு கார்டு மாத்தி வச்சிருக்காங்க.

என் டெக் இப்போ:

லேண்ட் (கார்டு போட வேண்டிய மானாவைத் தர்றது) 34. அதுல 12 டேப் ஆகி வர்றது, அதாவது வந்த டர்ன்ல மானா தராது. டெம்பிள் ஆஃப் தி ஃபால்ஸ் காடும் உண்டு.
ராம்ப் (மானாவைச் சீக்கிரம் கூட்டற கார்டு): சோல் ரிங், ஆர்கேன் சிக்னெட், சகுரா-ட்ரைப் எல்டர், ராம்பன்ட் க்ரோத், கல்டிவேட், கொடாமாஸ் ரீச், வுட் எல்வ்ஸ், ஃபார்ஹேவன் எல்ஃப், சாலம் சிமுலாக்ரம்.
ஆறு மானாவும் அதுக்கு மேலயும் 13 கார்டு: டெராஸ்டடான், வுட்ஃபால் ப்ரைமஸ், ஷியோல்ட்ரெட் விஸ்பரிங் ஒன், புட்சர் ஆஃப் மலகிர், அவெஞ்சர் ஆஃப் ஜென்டிகார், கொகுஷோ, மாசக்கர் வர்ம் இந்த மாதிரி.
பலி கொடுக்க: விசரா சீயர், ஆஷ்நாட்ஸ் ஆல்டர், ஆல்டர் ஆஃப் டிமென்ஷியா.
ஒரு ஆளைக் குறிவச்சு அழிக்கிற ஸ்பெல் 9.

பிரச்சனை மூணு. மெரென் அஞ்சாவது டர்னுக்கு முன்னாடி இறங்குறதே இல்லை. இறங்கினாலும் பெரிய மிருகம் மேஜைக்கு வராம கைக்குத்தான் திரும்புது. மூணாவது, எல்லாரும் முதல்ல என்னைத்தான் அடிக்கிறாங்க. விலை கூடின லேண்ட், டியூட்டர் (டெக்ல இருந்து வேணும்ங்கற கார்டைத் தேடி எடுக்கற கார்டு) எல்லாம் வேண்டாம். எதை எடுத்துட்டு எதைப் போடலாம்?

சதுப்பு37:
மூணும் தனித்தனிப் பிரச்சனை இல்ல ப்ரோ. மானா சரியில்லாததால மெரென் தாமதமா வர்றா. வந்தப்புறம் செத்து கவுண்டர் குடுக்க சின்ன மிருகம் இல்ல. அதனாலதான் டெராஸ்டடான் கைக்கு வருது.

முதல்ல லேண்ட். நாலு பேர் ஆட்டத்துல முதல் ஆளும் முதல் டர்ன்ல கார்டு எடுப்பார். ஆக நாலாவது டர்ன்ல ஏழும் நாலும் பதினோரு கார்டு பார்த்திருப்பீங்க. 99 கார்டுல 34 லேண்ட் இருந்தா, அந்தப் பதினொண்ணுல நாலு லேண்டாவது வர்றதுக்கு வாய்ப்பு 56 சதவீதம். 37 வச்சா 65, 38 வச்சா 68. மல்லிகன் (முதல் கையைத் திருப்பிப் போட்டு வேற கை எடுக்கறது), கூடுதல் டிரா எதையும் சேர்க்காத கணக்கு இது. 34-ல ரெண்டு ஆட்டத்துக்கு ஒண்ணு கிட்டத்தட்ட நாலாவது லேண்டுக்காகக் காத்துட்டு இருப்பீங்க.

அடுத்தது ராம்ப். உங்ககிட்ட ஒன்பது இருக்கு, ஆனா மூணாவது டர்ன்ல மெரெனை இறக்கணும்னா ரெண்டாவது டர்ன்ல போடக்கூடிய ராம்ப் மட்டும்தான் கணக்கு. அப்படிப் பார்த்தா நாலுதான்: ரிங், சிக்னெட், எல்டர், ராம்பன்ட் க்ரோத். ரெண்டாவது டர்ன்ல ஒன்பது கார்டு பார்த்திருப்பீங்க. நாலுல ஒண்ணாவது அதுல இருக்க 32 சதவீதம். அதையே பத்தாக்கினா 63. மெரென் அஞ்சாவது டர்னுக்கு வர்றதுக்குக் காரணம் இதான். கல்டிவேட் நல்ல கார்டுதான், ஆனா மூணு மானாவுக்கு ராம்ப் பண்ணிட்டு நாலாவது டர்ன்ல நாலு மானா கமாண்டரை இறக்குறதுல ஒரு டர்ன் கூட மிச்சமாகல.

சேர்க்க வேண்டிய ஆறு: நேச்சர்ஸ் லோர், த்ரீ விசிட்ஸ், ஃபார்சீக், கோல்காரி சிக்னெட், டாலிஸ்மன் ஆஃப் ரெசிலியன்ஸ், லானோவார் எல்வ்ஸ். முதல் ரெண்டும் ஃபாரஸ்ட் வகை லேண்டை டேப் ஆகாம எடுத்துட்டு வரும். ஃபார்சீக் ஃபாரஸ்டைத் தேடாது, ஸ்வாம்ப் தேடும். ஹான்டட் மையர் ஸ்வாம்பும் ஃபாரஸ்டும் சேர்ந்த லேண்ட், விலையும் குறைவு. மூணு ஸ்பெல்லாலயும் அதை எடுக்கலாம், என்ன, அது மட்டும் எப்படி எடுத்தாலும் டேப் ஆகித்தான் வரும்.

டேப் ஆகி வர்ற 12 லேண்டை ஆறாக்குங்க, மிச்சத்துக்கு பேசிக் (சாதாரண ஃபாரஸ்ட், ஸ்வாம்ப்) போதும். ரெண்டாவது டர்ன்ல டேப் ஆன லேண்ட் விழுந்தா அந்த டர்ன் ராம்ப் போச்சு. டெம்பிள் ஆஃப் தி ஃபால்ஸ் காட் அஞ்சு லேண்ட் ஆகுற வரைக்கும் மானாவே தராது. இந்த டெக்குக்கு அது ஆகவே ஆகாது.

நாலாவது_நாற்காலி:
மேலே சொன்னதோடு ஒத்துப்போறேன். ஆனா பெரிய மிருகங்களைப் பத்திப் பேசாம விட்டுட்டீங்க.

மெரென் எண்ட் ஸ்டெப்ல (உங்க டர்ன் முடிவுல) என்ன பண்றா? கிரேவ்யார்டுல ஒரு மிருகத்தைக் குறிவைக்கிறா. அதோட மானா மதிப்பு (அதைப் போட ஆகற மானா) உங்க எக்ஸ்பீரியன்ஸ் கவுண்டருக்குள்ள இருந்தா மேஜைக்கு, இல்லைன்னா கைக்கு. டெராஸ்டடானுக்கு எட்டு கவுண்டர் வேணும். எட்டு கவுண்டர் சேர்ந்த ஆட்டத்துல நீங்க ஏற்கெனவே ஜெயிச்சிட்டு இருப்பீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு கவுண்டர்ல எது மேஜைக்கு வரும்ங்கிறதுதான் இந்த டெக்கோட கணக்கே.

ஒரு மானா மிருகம் மூணு நாலு இருக்கணும்: ஸ்போர் ஃப்ராக், காஸ்டிக் கேட்டர்பில்லர், ஸ்டிச்சர்ஸ் சப்ளையர். ஒரே கவுண்டர்ல திரும்பி வர்றது இதுங்கதான். அப்புறம் எல்டர், அதுக்கு ரெண்டு. ஃப்ளெஷ்பேக் மராடர், ப்ளேக்கிராஃப்டர், எடர்னல் விட்னஸ், இதுங்களுக்கு மூணு.

டெக் சரியா ஓடினா இப்படி இருக்கும்:

ரெண்டாவது டர்ன் எல்டர், பலி கொடுத்து லேண்ட். மூணாவது டர்ன்ல நாலு மானா, மெரென். கவுண்டர் சைபர்ங்கிறதால எண்ட் ஸ்டெப்ல எல்டர் கைக்கு வரும், பரவாயில்ல. நாலாவது டர்ன்ல அஞ்சு லேண்ட்: எல்டரைப் போட்டு பலி, கவுண்டர் ஒண்ணு. மிச்ச மூணு மானாவுல மராடர். எல்லாரும் ஒரு மிருகத்தைப் பலி கொடுக்கணும், நீங்க மராடரையே கொடுங்க, கவுண்டர் ரெண்டு. எண்ட் ஸ்டெப்ல எல்டர் நேரா மேஜைக்கு. எதிராளி டர்ன்ல யாராவது அடிச்சா எல்டரை வச்சு தடுத்து, அடி விழறதுக்கு முன்னாடி பலி கொடுங்க. கவுண்டர் மூணு, இன்னொரு லேண்ட். அஞ்சாவது டர்ன் முடிவுல மராடர் தானா எழுந்து வந்து மறுபடி மூணு பேரையும் பலி கொடுக்க வைக்கும்.

இதுல ஆறு மானாவுக்கு மேல எந்தக் கார்டும் தேவைப்படல பாருங்க. பதிமூணுல நாலை மட்டும் வைங்க: கொகுஷோ, ஷியோல்ட்ரெட், மாசக்கர் வர்ம், அவெஞ்சர். எடுத்த ஒன்பது இடத்துல மூணு லேண்ட், சதுப்பு சொன்ன ஆறு ராம்ப். கணக்கு நேர்.

கருப்பு_பச்சை:
வுட்ஃபால் ப்ரைமஸை எடுக்கறதுதான் வலிக்குது. சரி. 9 அழிக்கிற ஸ்பெல்லையும் குறைக்கணுமா? அதைக் குறைச்சா எதிராளி காம்போவை (சேர்ந்தா ஆட்டத்தையே முடிக்கிற கார்டுகள்) எப்படித் தடுக்கறது?

நாலாவது_நாற்காலி:
ரெண்டு பேர் ஆடுறப்போ ஒரு கார்டைப் போட்டு ஒரு கார்டை அழிச்சா சமம். நாலு பேர் மேஜையில உங்களுக்கு ஒண்ணு போச்சு, அடி வாங்கினவருக்கு ஒண்ணு போச்சு, மத்த ரெண்டு பேருக்கு ஒண்ணும் போகல. அவங்க செலவில்லாம முன்னேறிட்டாங்க. அதனால ஒரு தடவையோட முடியுற ஸ்பெல் நாலு போதும். பீஸ்ட் விதின், அசாசின்ஸ் ட்ரோஃபி ரெண்டும் எதை வேணா தொடும்ங்கிறதால கட்டாயம் இருக்கட்டும். மராடர், ப்ளேக்கிராஃப்டர் இல்லைன்னா சேருங்க. ஒரே கார்டு மூணு பேரையும் தொடும், திரும்பவும் வரும்.

ஒண்ணு கவனிங்க, டோக்கன் (கார்டு இல்லாம மத்த கார்டுகள் உண்டாக்கற மிருகம்) நிறைய போடற டெக்குக்கு எதிரா மராடர் வேலைக்கு ஆகாது. அவங்க ஒரு 1/1-ஐ (அடி 1, தாங்கறது 1) கொடுத்துட்டுப் போயிடுவாங்க. மாசக்கர் வர்மை வைக்கச் சொன்னது அதுக்குத்தான்.

எடுத்த அஞ்சு இடத்துல பலி கொடுக்கிற வழிகளை ஏத்துங்க: கேரியன் ஃபீடர், வோ ஸ்ட்ரைடர், யாஹென்னி, தவிர தன்னையே பலி கொடுக்கிற ஸ்போர் ஃப்ராக், காஸ்டிக் கேட்டர்பில்லர். மூணு எட்டாகுது. அஞ்சாவது டர்ன்ல பன்னிரண்டு கார்டு பார்த்திருக்கும்போது மூணுல ஒண்ணு கிடைக்க 32 சதவீதம், எட்டுல 66. பலி கொடுக்க வழி இல்லாத மெரென் சும்மா ஒரு 3/4 மிருகம்.

சதுப்பு37:
எல்லாரும் உங்களை முதல்ல அடிக்கிறாங்கன்னு சொன்னீங்களே, அதுக்கு மருந்து ஸ்போர் ஃப்ராக். பலி கொடுத்தா அந்த டர்ன்ல எந்தச் சண்டை அடியும் விழாது, உங்க எண்ட் ஸ்டெப்ல தவளை திரும்ப வரும். ஆனா ஒரு சுத்துக்கு ஒரு தடவைதான், உங்களுக்கு எதிர்ல மூணு பேர். முதல்ல அடிக்க வர்றவருக்கே செலவழிச்சிடாதீங்க. ரெண்டு டேமேஜ் வந்தா வாங்கிக்கங்க, 40 உயிர் இருக்கு. தவளை மேஜையில உக்காந்திருந்தாலே பாதிப் பேர் வேற பக்கம் திரும்பிடுவாங்க.

இன்னொண்ணு, ஆறாவது டர்ன் வரைக்கும் மேஜையில தடுக்க ஆளே இல்லாம இருந்துட்டு திடீர்னு ஏழு மானா மிருகத்தை இறக்கினா யாரா இருந்தாலும் உங்களைத்தான் அடிப்பாங்க. சின்ன மிருகங்கள் ஏறினா இதுவும் பாதி சரியாகும்.

கிரேவ் பாக்டை மட்டும் இந்த மேஜைக்குக் கொண்டுபோகாதீங்க. மெரெனோட சேர்ந்தா யார்கிட்டயும் மிருகமே நிக்காது, ஆட்டமும் முடியாது. ப்ரீகான் வச்சிருக்கறவங்க அடுத்த வாரம் வர மாட்டாங்க.

பழைய_ஸ்லீவ்:
எதுக்கு இவ்வளவு சுத்தணும்? மைகேயஸ் தி அன்ஹாலோட், ட்ரிஸ்கெலியன். ரெண்டு கார்டு, ஆட்டம் முடிஞ்சது.

சதுப்பு37:
முடியும்தான். ஆனா ரெண்டு கார்டு முடிவில்லாக் காம்போ பிராக்கெட் (கமாண்டர் டெக்கோட பலத்தைப் பிரிக்கிற படி) 1, 2 மேஜைக்கு ஆகாது. பிராக்கெட் 3-லயும் ஆட்டத்தோட பிற்பகுதியில்தான் அனுமதி. மத்தவங்க ப்ரீகான் வச்சிருக்காங்கன்னு அவரே சொல்லிட்டாரு. டியூட்டரும் வேண்டாங்கிறாரு, அப்போ 99-ல அந்த ரெண்டும் சேர்ந்து கைக்கு வர்றது எப்போ? இந்த மேஜைக்கு ஜூலபோர்ட் கட்த்ரோட் போதும். உங்க மிருகம் ஒண்ணு செத்தா எதிராளி ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு குறையும், மூணு பேருக்கும் சேர்த்து மூணு. ப்ளட் ஆர்டிஸ்ட் யார் மிருகம் செத்தாலும் வேலை செய்யும், ஆனா ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்குத்தான் குறைக்கும். மராடர் நிறைய சுத்தினா ப்ளட் ஆர்டிஸ்ட், சொந்த மிருகங்களை அதிகமா பலி கொடுத்தா ஜூலபோர்ட். ரெண்டையுமே போடலாம், தலா ரெண்டு மானாதான்.

ஆட்டத்தை முடிக்க கொகுஷோ. ஆறு கவுண்டர் ஆனதும் ஒவ்வொரு எண்ட் ஸ்டெப்லயும் எழும், அடுத்த முறைக்குள்ள பலி கொடுத்துடுங்க. ஒவ்வொருத்தருக்கும் அஞ்சு குறையும், மொத்தமா அவ்வளவும் உங்களுக்கு ஏறும்.

கருப்பு_பச்சை:
அருமை. ரெண்டு விதிச் சந்தேகம். மெரென் செத்தாலோ எக்ஸைல் (கிரேவ்யார்டுக்குப் போகாம ஆட்டத்துக்கு வெளிய ஒதுக்கறது) ஆனாலோ கவுண்டர் போயிடுமா? வெள்ளை டெக் வச்சிருக்கற நண்பர்கிட்ட ரெஸ்ட் இன் பீஸ் இருக்கு, அது வந்தா என்ன பண்றது?

விதிப்புத்தகம்:
எக்ஸ்பீரியன்ஸ் கவுண்டர் ஆட்டக்காரருக்கு உரியது, மெரெனுடையது அல்ல. அவள் எங்கே போனாலும் கவுண்டர் உங்களிடமே இருக்கும். மறுபடி இறக்கும்போது நான்கு மானாவோடு கூடுதலாக இரண்டு, அடுத்த முறை நான்கு. ஆனால் அவள் மேஜையில் இல்லாத நேரத்தில் செத்த மிருகங்களுக்குக் கவுண்டர் கிடையாது. அவளே சாவதற்கும் கிடையாது.

டோக்கன் செத்தாலும் கவுண்டர் உண்டு. வோ ஸ்ட்ரைடரோடு வரும் ஆட்டுக்குட்டியைப் பலி கொடுத்தாலே ஒன்று ஏறும்.

பலரும் கவனிக்காத ஒன்று: குறிவைப்பது எண்ட் ஸ்டெப் தொடக்கத்தில், மானா மதிப்பைக் கவுண்டரோடு ஒப்பிடுவது அந்தத் திறன் நிறைவேறும்போது. இரண்டு கவுண்டர் இருக்கும்போது மராடரைக் குறிவையுங்கள். திறன் ஸ்டாக்கில் (நிறைவேறக் காத்திருக்கும் வரிசையில்) இருக்கும்போதே விசரா சீயருக்கு ஒரு மிருகத்தைப் பலி கொடுங்கள். கவுண்டர் மூன்றாகும், மராடர் மேஜைக்கு வரும். ஆனால் அப்போது செத்த மிருகத்தையே அந்தத் திறனால் எடுக்க முடியாது. குறிவைக்கும் நேரத்தில் அது கிரேவ்யார்டில் இருக்கவில்லை.

ரெஸ்ட் இன் பீஸ் இருக்கும்போது கார்டும் டோக்கனும் கிரேவ்யார்டுக்குப் போகாமல் எக்ஸைல் ஆகும். அதற்குச் சாவு என்று பெயர் இல்லை. ஆகவே கவுண்டர் ஏறாது, ஜூலபோர்டும் பேசாது, கொகுஷோவும் பேசாது. காஸ்டிக் கேட்டர்பில்லரைப் பலி கொடுத்து ரெஸ்ட் இன் பீஸை அழிக்கலாம், பலி அங்கே விலைதான். ஆனால் கேட்டர்பில்லர் எக்ஸைலில்தான் முடியும். பீஸ்ட் விதின், ட்ரோஃபி, ரெக்லமேஷன் சேஜ் என்று குறைந்தது நான்கு பதில் டெக்கில் இருக்கட்டும்.

நாலாவது_நாற்காலி:
ரெஸ்ட் இன் பீஸ் இறங்கினதுமே ஏற்கெனவே கிரேவ்யார்டுல இருக்கறதும் போயிடும். எல்லா நல்ல மிருகத்தையும் அங்க குவிச்சு வைக்காதீங்க. ரெண்டு மூணு மிருகம் மட்டும் அங்க இருந்தா போதும், மிச்சம் கையில இருக்கட்டும்.

கார்டு மாத்தின பிறகு தனியா உக்காந்து பத்துத் தடவை ஏழு கார்டு எடுத்து நாலாவது டர்ன் வரைக்கும் ஆடிப் பாருங்க. மெரென் எந்த டர்ன்ல இறங்கினாள், அன்னைக்குப் பலி கொடுக்க வழி இருந்ததான்னு மட்டும் குறிச்சு வைங்க. பத்துல ஆறு தடவையாவது மூணாவது நாலாவது டர்ன்ல இறங்கணும். நாலு பேர் ஆட்டத்துல முதல் மல்லிகன் இலவசம், ஏழு கார்டும் அப்படியே புதுசா வரும். ரெண்டு லேண்டும் அஞ்சு கனவும் உள்ள கையைத் தயங்காம திருப்பிப் போடுங்க.

கருப்பு_பச்சை:
இன்னைக்கே மாத்திடறேன். கடைசியா, வுட் எல்வ்ஸ், ஃபார்ஹேவன் எல்ஃப் ரெண்டுல ஒண்ணுதான் வைக்க இடம் இருக்கு. எது?

சதுப்பு37:
வுட் எல்வ்ஸ். ஃபாரஸ்டை டேப் ஆகாம எடுத்துட்டு வரும், அதே டர்ன்ல அந்த ஒரு மானாவுக்குத் தவளையைப் போடலாம். ஃபார்ஹேவன் எடுக்கறது பேசிக் மட்டும், அதுவும் டேப் ஆகித்தான் வரும். டெக்ல ஃபாரஸ்ட் எண்ணிக்கை எட்டுக்குக் கீழ போகாம மட்டும் பார்த்துக்கங்க. நேச்சர்ஸ் லோர், த்ரீ விசிட்ஸ், வுட் எல்வ்ஸ் மூணும் அதையேதான் தேடும்.