மறுமொழி: வாகனக் கதவுக்கு வயர் போற ரப்பர் பூட்டுக்குத் தமிழ் என்ன?

கொக்குவில், வகுப்பு ஆசிரியர்:
வணக்கம். வாகன மின்வேலை படிக்கிற பெடியளுக்கு ஒரு பாடக்குறிப்பு வாற கிழமை அச்சுக்குப் போகுது, ஒரு சொல்லில தடக்கி நிக்குது. பாடம், கதவுக்குள்ள புது ஸ்பீக்கர் வயர் இழுக்கிறது. கதவு திரும்புற பிணைச்சல் பக்கத்தில கதவையும் வாகனத்தின்ர பொடியையும் (body) தொடுத்தபடி மடிப்பு மடிப்பா ஒரு கறுத்த ரப்பர் குழாய் இருக்குமெல்லே, கராச்சில அதை ரப்பர் பூட் (boot) எண்டுவினம். பழைய குறிப்பில "பூட்டை இரண்டு பக்கமும் கழற்றவும்" எண்டு கிடக்கு, அதை வாசிச்ச பெடியன் கதவுப் பூட்டின்ர ஸ்குருவில கை வைக்கிறான். அவனில பிழையில்லை. கதவில பூட்டு எண்டா பூட்டுத்தானே.

மானிப்பாய்:
துருத்தி. கொல்லன்ர உலைத் துருத்தி மாதிரியே சுருங்கி விரியுது, கதவுத்துருத்தி எண்டால் முடிஞ்சுது. 1847 இல யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் கிறீன் வைத்தியர் இந்த ஊரில மருத்துவத்தையே தமிழில படிப்பிச்சவர், எங்களுக்கு ஒரு ரப்பர் துண்டுக்குச் சொல் வராதோ?

ரொறொன்ரோ:
துருத்தியின்ர தொழில் காத்து ஊதுறது ஐயா. இது உள்துளை உள்ள பொருள், தூம்பு எண்டுதான் சொல்லவேணும். களிற்றுயிர்த் தூம்பு எண்டு ஒரு ஊதுகருவி சங்கப் பாட்டிலயே இருக்கு, தூம்புக்கைதான் தும்பிக்கை ஆனது, யானையின்ர துதிக்கையும் இதே மாதிரி மடிப்போட வளையுது பாருங்கோ. வயர் எண்டதையும் விடுங்கோ, கம்பித்தூம்பு.

நல்லூர், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை:
தம்பி, தும்பி எண்டாலே யானைதான், தும்பியின்ர கை தும்பிக்கை, அதுக்குத் தூம்பு தேவையில்லை. துருத்தியை அவ்வளவு லேசாத் தள்ளவும் ஏலாது. ஆத்துக்கு நடுவில கிடக்கிற திட்டுக்கும் துருத்தி எண்டுதான் பேர், மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்குப் பழைய பேர் திருத்துருத்தி. இரண்டு கரைக்கும் இடையில நிக்கிறது எண்ட பொருளும் வந்து பொருந்துது.

சுன்னாகம், கராச்:
எல்லாரும் பெரிய ஆக்கள், நான் வேலை செய்யிறவன், ஆனா அந்த ரப்பர் ஏன் இருக்கெண்டு யோசிக்காமல் பேர் வைக்காதேங்கோ. கதவு திறந்து பூட்டேக்க வயர் ஒரே இடத்தில மடிஞ்சு அறாமல் அதுதான் காக்குது, மழைத்தண்ணியும் உள்ள வராது. கெதியா முடிக்கவேணுமெண்டு பக்கத்தில புது ஓட்டை துளைக்கிறவை இருக்கினம், தகட்டு விளிம்பு வயர்த் தோலை அரிச்சு, செம்பு பொடியில முட்டி, அம்ப்ளிபயர் தன்னைக் காப்பாத்த நிண்டுபோம். பழைய வயர் மெல்லிசு, ரேடியோ செற்றின்ர சொந்த பவருக்குக் காணும், தனி அம்ப்ளிபயர் போட்டால்தான் 16 கேஜ் மாதிரி மொத்த வயர், அதுவும் பல நூல் முறுக்கின வயர், ஒத்தைக் கம்பி இல்லை. ரப்பரின்ர இரண்டு முனையையும் கழட்டி நேராக்கி, விறைப்பான கம்பியில வயரைக் கட்டி ரேப் சுத்தி, பாத்திரம் கழுவுற திரவம் கொஞ்சம் தடவி இழுங்கோ, எண்ணெய் கிறீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போம். கதவை முழுக்கத் திறந்து பாத்துத்தான் வயர் நீளத்தை வெட்டவேணும். உள்ளுக்குக் கண்ணாடி இறங்கிற பாதையில வயர் தொங்கக்கூடாது. சில வாகனத்தில ரப்பருக்கு முடிவில பெரிய பிளக் ஒண்டு இருக்கும், அப்ப வயர் விட அதில வெறுமையா இருக்கிற துளை பாக்கவேணும். என்னைக் கேட்டால் பிணைச்சல் ரப்பர், கடையில கேட்டாலும் விளங்கும்.

சென்னை:
பிணைச்சல் எங்க ஊர்ல புரியாதுங்க, கீல்னு வைக்கலாமே.

நல்லூர்:
கீல் எண்டால் தாரும்தான், மூட்டும்தான், எங்கட பிள்ளையளுக்குக் கீல்வாதம் மட்டும்தான் தெரியும். பாடம் யாழ்ப்பாணப் பெடியளுக்கு, பிணைச்சல் இருக்கட்டும். அந்த விறைப்பான கம்பிக்கு இழுகம்பி எண்டு போடுங்கோ, வினைத்தொகை, க் நடுவில வராது.

ரொறொன்ரோ:
ரப்பரைத் தமிழெண்டு ஏத்தினால் பிறகு எதைத்தான் தள்ளப் போறியள்? நாளைக்கு வேற பொருளில செய்தாலும் பிணைச்சல் ரப்பரோ? குறைஞ்சது பிணைச்சல் உறை எண்டாவது போடுங்கோ.

சுன்னாகம்:
உறை எண்டால் பெடியள் சீற் கவர் எண்டு நினைப்பாங்கள் அண்ணை.

கொக்குவில்:
அச்சகம் கேட்டுக்கொண்டே இருக்கு, எனக்கு இனி நேரமில்லை. இழுகம்பியில ஒருத்தருக்கும் மறுப்பில்லை. மற்றதுக்கு "பிணைச்சல் குழாய்" எண்டு போடுறன், ரப்பரும் இல்லை, பூட்டும் இல்லை, பெடியனுக்கு எங்க பாக்கவேணும் எண்டு தெரியும். படத்தில அம்புக்குறி போட்டு பக்கத்தில ரப்பர் பூட் எண்டும் எழுதுவன், கடையில கேக்கவேணுமே.

மானிப்பாய்:
சரி, போடுங்கோ.

ரொறொன்ரோ:
குழாய்க்குள்ளால தண்ணி போகும். இதுக்குள்ள தண்ணி போகக்கூடாது. அடுத்த பதிப்பில தூம்பை வையுங்கோ.

நல்லூர்:
தூம்புக்குள்ளாலயும் தண்ணிதான் தம்பி போறது, குளத்து மதகுக்கும் அதுதான் பேர்.