வெளிநாட்டில் குடியேறிய பிள்ளைகள் கிறிஸ்துமசுக்கு ஊர் வந்தே தீர வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பாகான் செராய், மலேசியா:
மெல்பர்னிலும் லண்டனிலும் குடும்பத்தோடு தங்கிவிட்ட நம் பிள்ளைகள் பலர், “இந்த ஆண்டும் இங்கேயே கொண்டாடிக்கொள்கிறோம்” என்று நவம்பரிலேயே சொல்லிவிடுகிறார்கள். பெற்றோர் உயிரோடிருக்கும் வரை டிசம்பர் 25ஆம் தேதிக்கு அவர்கள் ஊர் வந்து சேர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஒன்றுவிடாமல் கீதம் பாடிச் சென்ற இளையோர் கூட்டம் மெலிந்துவிட்டது. திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய், சீன அண்டை வீட்டார் வரும்போது பரிமாறக் கிழவனும் கிழவியுமே நிற்கிறோம். கைப்பேசியை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறோம். அவர்கள் கையசைத்துவிட்டு விளையாட ஓடிவிடுகிறார்கள்.

மெல்பர்ன் மருமகள்:
ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. நான் மருத்துவமனைத் தாதி. பண்டிகை என்று வார்டை மூடுவதில்லை, டிசம்பர் விடுப்பு எல்லாருக்கும் கிடைப்பதுமில்லை. இதைவிட முக்கியமான காரணம் வேறு. 1880களில் பிரெஞ்சுக் குருவான ஃபே அடிகளார் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஒரு குடியிருப்பை அமைத்தபோது அங்கு வந்து சேர்ந்த முன்னோர், ஆண்டுதோறும் கப்பலேறித் தமிழகம் போயா பாலன் பிறப்பைக் கொண்டாடினார்கள்? வந்த மண்ணிலேயே கோயில் எழுப்பினார்கள், குடில் கட்டினார்கள். அப்படித் தொடங்கியதைத்தான் இன்று நீங்கள் ஊர்த் திருநாள் என்கிறீர்கள். இங்கே டிசம்பர் கோடை வெயிலில் என் மகள் அச்சு முறுக்குச் சுடப் பழகியிருக்கிறாள். எண்ணெயில் அச்சு நன்றாகக் காயாவிட்டால் மாவு அதில் பிடிக்காது என்று தம்பிக்குச் சொல்லித் தருகிறாள். இதுவும் குடும்பத் திருநாள்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
முன்னோரைச் சொன்னது நல்ல வாதம், அம்மா. ஆனால் முழுமையாகப் பொருந்தவில்லை. குருவும் உறவும் மொழியும் சூழ அவர்கள் ஊராகவே வாழ்ந்தார்கள். பிள்ளை வாசலில் இறங்கினாலே தமிழ்ப் பாட்டு காதில் விழுந்தது. உங்கள் தெருவில் உங்களுடையது ஒற்றைத் தமிழ் வீடு. பலகாரத்தை ஒரு தாய் தனியே கற்றுக்கொடுத்துவிடலாம். கூட்டமாகப் பாடும் கீதத்தையும், திருப்பலி முடிந்ததும் பெரியவர்கள் முன் வரிசையாக நின்று நெற்றியில் சிலுவை வாங்கும் வழக்கத்தையும் எப்படித் தனியே கற்பிப்பீர்கள்?

செம்பனைத் தோட்டத்து இளைஞன்:
ஆசிரியர் ஐயா, அக்கா, இருவருமே 25ஆம் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மெல்பர்ன் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜனவரி பிற்பகுதி வரை உண்டு; நம் வீடுகளில் ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாள் வரை குடிலைக் கலைப்பதில்லை. அதற்குள் வந்து சேர்ந்தாலும் கிறிஸ்துமஸ் காலத்துக்குள் வந்ததாகத்தானே கணக்கு? பெரியவர்களை அங்கே அழைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். தாத்தா பாட்டியும் கிளம்பிவிட்டால், திருநாளன்று வழக்கமாக வரும் அண்டை வீட்டார் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

மெல்பர்ன் மருமகள்:
தம்பி சொல்வதற்கு உடன்படுகிறேன். ஜனவரி முதல் வாரத்தில் விடுப்புக் கேட்க என்னால் முடியும். 25ஆம் தேதி வர இயலாது என்பதில் மாற்றமில்லை. நீங்கள் நள்ளிரவுத் திருப்பலியில் இருக்கும்போது எங்களுக்கு விடியற்காலை மூன்று மணி என்பதால் பிள்ளைகள் அதை நேரலையிலும் பார்ப்பதில்லை. கீதக் குழு பாடும் பாடல்களின் வரிகளையும் ஒலிப்பதிவையும் இப்போதே அனுப்பிவையுங்கள், ஐயா. ஊருக்கு வரும்போது குடிலின் முன் அவர்களும் சேர்ந்து பாடட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஜனவரி வருகையை மனமார வரவேற்கிறேன்; ஆனால் அதைத் திருநாளுக்கு ஈடாக என்னால் கொள்ள முடியாது, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. பாடல்களைக் கட்டாயம் அனுப்புகிறேன். உங்கள் நகரில் உள்ள மற்றத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளையும் கூட்டிப் பயிற்சி கொடுங்கள். எத்தனை பேர், என்ன வயது என்று எழுதினால், சிறுவர் குரலுக்கு எட்டும் சுருதியில் எங்கள் குழுவைப் பாடச் சொல்லிப் பதிவு செய்து தருகிறேன்.