ஏதென்ஸிலிருந்து நாஃப்லியோ: இரண்டு இரவு, அம்மாவும் குழந்தையும் உடன். திட்டம் சரியா?

தென்றல்77 கேட்டது:
கிரேக்கத்தின் கடலோர ஊரான நாஃப்லியோவுக்கு, செப்டம்பர் இரண்டாவது வாரம். ஏதென்ஸில் வெள்ளி மதியம் 2 மணிக்கு வேலை முடியும். ஞாயிறு இரவு 11.30-க்கு விமானம். நான், மனைவி, 9 வயது மகன், அம்மா என நான்கு பேர். அம்மா சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார்; முழங்கால் வலியும் உண்டு. கார் ஓட்டும் எண்ணம் இல்லை. சனிக்கிழமை மைசீனி, எபிடாரஸ் என்ற இரண்டு பழங்கால இடிபாடுகளையும் பார்த்துவிட்டு, ஞாயிறு காலை பலமீதி கோட்டை ஏறி, பிறகு கடலில் குளிக்கலாம் என்று போட்டு வைத்திருக்கிறேன். தங்குவதற்குப் பழைய நகரமா, தோலோ கடற்கரையா? பேருந்து நம்பலாமா?

நெய்தல்:
பேருந்தைத் தாராளமா நம்பலாம். ரயில் கிடையாது, தேட வேண்டாம். கேடெல் என்னும் வெளியூர்ப் பேருந்துகள் ஏதென்ஸின் கீஃபிசோஸ் நிலையத்திலிருந்து கிளம்பும். சுமார் 140 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம் வைச்சுக்கோங்க. அந்த நிலையத்துக்கு மெட்ரோ போகாது. ஒமோனியா பக்கத்திலிருந்து 051 நகரப் பேருந்து உண்டு, ஆனா பெட்டியும் பெரியவங்களும் இருக்கும்போது மஞ்சள் டாக்ஸிதான் சரி. வெள்ளி மாலை ஏதென்ஸ்காரங்க பாதிப் பேர் இதே சாலையில்தான் ஊரை விட்டு வெளியேறுவாங்க. அதனால 4 மணிக்குள்ள கிளம்பப் பாருங்க.

முதல்ல செய்ய வேண்டியது ஞாயிறு திரும்பும் சீட்டு. போகும் சீட்டு எடுக்கும்போதே அதையும் எடுத்துடுங்க. ஞாயிறு மாலை வண்டிகள் நிரம்பிடும், வழியில் எலெஃப்சினா பக்கம் நெரிசல் வேற. 11.30 விமானத்துக்கு நாஃப்லியோவிலிருந்து மதியம் 3 மணி வாக்கில் கிளம்பற வண்டிதான் பாதுகாப்பு. கீஃபிசோஸில் இறங்கி அங்கேயே எக்ஸ்93 பேருந்தைப் பிடிச்சா நேரா விமான நிலையம். அதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

தங்குவது பழைய நகரத்தில்தான். பேருந்து நிலையம் அதன் விளிம்பிலேயே இருக்கு, இறங்கி நடந்தே போகலாம். அறை பதியும்போது இரண்டு கேள்வி எழுதிக் கேளுங்க: லிஃப்ட் இருக்கா, தெருவிலிருந்து வாசல் வரை எத்தனை படி? பழைய வீடுகளை மாத்தின விடுதிகள் பலதுல லிஃப்ட் இல்லை. அக்ரோநாஃப்லியா குன்றை ஒட்டிய மேல் தெருக்களில் தெருவே படிக்கட்டு. படத்தில் அழகா இருக்கும், உங்க அம்மாவுக்கு ஆகாது. நாஃப்லியோவின் சிந்தாக்மா சதுக்கத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் உள்ள சமதளத் தெருக்களில் எடுங்க.

அறை வாடகை போக, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்குத் தனி வரி உண்டு. 2025 நிலவரப்படி மூன்று நட்சத்திர விடுதிக்கு 5 யூரோ, நான்கு நட்சத்திரத்துக்கு 10. இணையத்தில் முழுத் தொகை கட்டியிருந்தாலும் பெரும்பாலும் இதை விடுதியில்தான் கேட்பாங்க. ஏமாத்தறாங்கன்னு நினைக்க வேண்டாம். கழிப்பறையில் காகிதத்தைக் குழியில் போடாம பக்கத்துக் கூடையில் போடணும். குழாய் சின்னது, அடைச்சுக்கும்.

ஊர்க்குருவி:
நெய்தல் சொன்னதோடு உடன்படுறேன். ஆனா உங்க சனிக்கிழமைத் திட்டத்தை மாத்துங்க. மைசீனியும் எபிடாரஸும் எதிரெதிர்த் திசை. காரில் போனாலே நாள் முழுக்க ஓடிடும். பேருந்தில் நினைச்சே பார்க்க வேண்டாம். ஏதென்ஸ் வண்டிகள் மைசீனிக்கு உள்ளே போகாம ஃபிக்தி சந்திப்பில் இறக்கிடும், அங்கிருந்து இடிபாடு மூணு நாலு கிலோமீட்டர். மேலே ஏற்றம், நிழல் கிடையாது.

முழங்கால் வலி உள்ளவரோடு எபிடாரஸ்தான் சரி. பைன் மரங்களுக்கு நடுவே மெதுவா நடந்தா அரங்கம். ஏறாம கீழ் வரிசையில் உட்கார்ந்தாலே போதும். கிறிஸ்துவுக்கு முன் 4-ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம், சுமார் 14,000 பேர் உட்காரலாம். பையனை மேல் வரிசைக்கு அனுப்பிட்டு, நடுவில் பதிச்ச வட்டக் கல்மேல் நின்னு ஒரு காகிதத்தைக் கசக்குங்க. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, காலை 8.30-க்குள்ள போனாதான் அவனுக்குக் கேட்கும்.

இதில் பலர் தவறுவது ஊர்ப் பெயரில். "அர்கேயா எபிடாவ்ரோஸ்" என்று பலகை போட்ட வண்டி கடலோர கிராமத்துக்குப் போகும். பெயர் "பழைய எபிடாரஸ்" மாதிரிதான் தோணும், ஆனா பெரிய அரங்கம் அங்கே இல்லை, கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் தள்ளி லிகூரியோ பக்கம் இருக்கு. ஓட்டுநரிடம் "அர்கேயோ தேயாத்ரோ" என்று கேட்டுட்டு ஏறுங்க. நாலு பேர் இருப்பதால டாக்ஸியே மேல்: போக, ஒன்றரை மணி நேரம் காத்திருக்க, திரும்ப, மொத்தமா எவ்வளவுன்னு ஏறும் முன்னாடியே பேசிடுங்க. மைசீனிக் காலத்துச் சுவரையும் பார்க்க ஆசைன்னா திரின்ஸ் இருக்கு, ஊரிலிருந்து 4 கிலோமீட்டர்தான். யுனெஸ்கோ 1999-இல் மைசீனியோடு சேர்த்துப் பட்டியலில் ஏத்தின இடம். கூட்டமும் இருக்காது.

பலமீதிக்கு 999 படி என்பது ஊர்ப்பேச்சு. எண்ணினா அதுக்குக் குறைவுதான், ஆனாலும் வெயிலில் தண்டனை. பின்பக்கமா மேல் வாசல் வரை தார் சாலை போகுது, டாக்ஸியில் ஏறுங்க. நீங்களும் பையனும் இறங்கும்போது படியைப் பயன்படுத்தலாம். படிக்கற்கள் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும், ரப்பர் அடி வைச்ச ஷூ வேணும். அம்மா அதே டாக்ஸியில் திரும்பட்டும். கோட்டைக்குள்ளேயும் மேடு பள்ளம்தான். வெனிஸ்காரங்க 1711–1714-இல் கட்டி, 1715-லேயே துருக்கியரிடம் பறிகொடுத்த கோட்டை இது. தண்ணீர் கீழேயே வாங்கிடுங்க.

அம்மா கீழே இருக்க விரும்பினா புனித ஸ்பிரிடன் தேவாலயம் வரை போகலாம். 1831-இல் கிரேக்கத்தின் முதல் ஆளுநர் கபோதீஸ்த்ரியாஸைச் சுட்டுக் கொன்ற இடம். வாசல் பக்கச் சுவரில் குண்டு பட்ட தடத்தைக் கண்ணாடி போட்டு வைச்சிருக்காங்க. சின்னக் குழிதான், தேடிப் பாருங்க.

தென்றல்77:
மிக்க நன்றி. மைசீனியை எடுத்துவிட்டேன். குளிக்க எங்கே? அம்மாவுக்குச் சாப்பாடு?

பாய்மரம்:
அர்வானித்தியா கடற்கரை, சிந்தாக்மா சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடை. ஆனா கூழாங்கல், சட்டுன்னு ஆழமாகும். நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களுக்குத்தான். பாறை ஓரம் கடல் முள்ளெலி இருக்கும், ரப்பர் செருப்பு இல்லாம காலை வைக்கக் கூடாது. பையனுக்கு கராத்தோனா கடற்கரை: மணல், வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர், பின்னால் யூகலிப்டஸ் நிழல். அர்வானித்தியாவிலிருந்து கடலோரமா 3 கிலோமீட்டர் மண்பாதை, வண்டி வராது. அம்மாவை டாக்ஸியில் வேற வழியா அழைச்சுட்டுப் போகலாம். செப்டம்பரில் தண்ணீர் 24–25 டிகிரி, வெதுவெதுப்பா இருக்கும். அக்ரோநாஃப்லியாவைச் சுத்தும் கடலோர நடைபாதை கல் சரியும்போது மூடப்படும். தடுப்பு போட்டிருந்தா தாண்டிப் போகாதீங்க.

சாப்பாட்டுக்கு "லாதெரா" பகுதியைப் பாருங்க, எண்ணெயில் வேக வைச்ச காய்கறி: பிரியாம், ஃபசோலாக்கியா, தக்காளிச் சாறில் சுட்ட பெரிய மொச்சை மாதிரியான கிகாந்தெஸ். ஃபாவா நம்ம கடைந்த பருப்புக்குக் கிட்ட வரும். தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்த கெமிஸ்தாவில் கொத்துக்கறி கலக்கும் கடைகள் உண்டு, "ஹோரிஸ் கிமா?" (கொத்துக்கறி இல்லாமலா?)ன்னு கேட்டே வாங்கணும். "நிஸ்தீசிமோ" என்றால் இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லாத நோன்புச் சாப்பாடு. ஆனா கணவாய், இறால் அதில் சேரும். அதையும் வேண்டாம்னு தனியா சொல்லுங்க. கீரை அடைத்துச் சுட்ட "பை" (pie) பண்டத்தில் பெரும்பாலும் முட்டை இருக்கும், தவிர்த்துடுங்க. இரவுச் சாப்பாடு 8 மணிக்கு மேலதான் சூடு பிடிக்கும், அம்மா சீக்கிரம் சாப்பிடுறவர்னா லாதெராவை மதியமே வாங்கி வைச்சுக்கலாம். அது ஆறினாலும் நல்லாதான் இருக்கும்.

நீங்க மீன் சாப்பிடுவீங்கன்னா, விலை கிலோவுக்குப் போட்டிருப்பாங்க. பொரிக்கச் சொல்லும் முன்னாடி எடை போட்டுக் காட்டச் சொல்லுங்க.