மண்டபம் கரையில் கிடைத்த கோலிக்குண்டுகள் எந்தக் காலத்தவை?

வலைக்காரன் (மண்டபம்):
வணக்கம். வாடைக் காற்று ஓய்ந்தால் எங்கள் வடகடல் கரை அரித்துக் கிடக்கும். வலையிலிருந்து அறுந்த ஈயக்குண்டுகளைப் பொறுக்க உலோகம் காட்டும் கருவியோடு போவேன். கண்ணாடிக்கு அது ஒலிக்காது. வள்ளத்துச் செப்பாணி ஒன்றுக்காகத் தோண்டிய குழியில் நான்கு குண்டுகள் சேர்ந்தே கிடந்தன. இரண்டு வெளிர்பச்சை, ஒரே அளவு, மணல் உரசி மங்கியவை. மூன்றாவதற்குள் வெள்ளை, சிவப்பு, நீலக் கோடுகள் திருகி ஓடுகின்றன. ஓரிடத்தில் நகம் பட்டால் சொரசொரக்கிறது. நான்காவது சுட்ட மண். ஈயத்தை எடைக்குப் போட்டுவிடுவேன், இவற்றைப் போட மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோடாக்கடைப் பேரன் (பரமக்குடி):
தம்பி, பச்சை இரண்டும் கோலி சோடா குண்டுகள். ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. தலைகீழாகப் பிடித்து நிரப்புவோம். வாயுவின் அழுத்தம் குண்டைத் தள்ளிக் கழுத்து ரப்பரோடு இறுக்கிவிடும். குண்டுக்காகவே பாட்டிலை உடைக்கும் பிள்ளைகளைத் தாத்தா விரட்டிக்கொண்டே இருப்பார். இன்றும் அந்தப் பாட்டில் புழங்குவதால் குண்டை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. எழுத்துப் பொறித்த பாட்டில் துண்டு பக்கத்தில் கிடைக்கிறதா பாருங்கள்.

மணி சேர்ப்பவள் (காரைக்குடி):
எனக்கு மூன்றாவதன் மேல்தான் கண். வண்ணக் கண்ணாடிக் கோலை உருக்கித் திருகி, கிண்ணம் வைத்த கத்திரியால் உருட்டி நறுக்குவார்கள். நறுக்கிய இடம் தழும்பாக நிற்கும். ஜெர்மனியின் லௌஷா ஊரில் 1846 வாக்கில் அந்தக் கத்திரி வந்த பிறகு இவை ஏராளமாகச் செய்யப்பட்டன. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இயந்திரம் வந்தது; இயந்திரக் குண்டில் இந்தத் தழும்பு இராது. பூதக்கண்ணாடி வைத்து எதிர்முனையையும் பாருங்கள். கோடுகள் அங்கேயும் வந்து வெட்டுப்பட்டு முடிந்தால் கைவேலைதான். 1964 புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது. சிலோன் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் உங்கள் ஊர் முகாமில் தங்கித்தான் கப்பல் ஏறின. ஏதோ ஒரு பிள்ளையின் கையிலிருந்து நழுவியிருக்கலாம். நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்குங்கள். அமிலம் கூடவே கூடாது, மெருகும் ஏற்றாதீர்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் (கீழக்கரை):
மண்குண்டு உண்டிவில்லுக்கு உருட்டியதாக இருக்கலாம். குருவி விரட்ட அப்படித்தான் செய்வார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், தம்பி. அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்களும் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்த மாவட்டம் இது. மேட்டு நிலத்தில் கருவியை வைத்துத் தோண்டாதீர்கள். மண்ணுக்குள் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது.

வலைக்காரன் (மண்டபம்):
அக்கா, பார்த்துவிட்டேன். எதிர்முனையிலும் தழும்பு இருக்கிறது; மூன்று நிறமும் அங்கே ஒன்றாகக் குவிந்து வெட்டுப்பட்டிருக்கின்றன! ஐயா, மேட்டுப் பக்கம் போகமாட்டேன். அலை ஏறி இறங்கும் மணலோடு சரி. நாளை அதே குழியருகில் பாட்டில் துண்டைத் தேடுகிறேன்.