கெக்கோ சாப்பிடுவதில்லை, தின்ற புழுவையும் கக்கிவிட்டது. யாராவது உதவுங்கள்

கிளுவை (ஸ்காபரோ):

வணக்கம். மகன் வளர்க்கிற லெப்பர்ட் கெக்கோ என்கிற பல்லிக்கு வயிறு சரியில்லை. ஆண், இரண்டு வயது தாண்டியிருக்கும் என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். பெயர் மிளகு. கோடை முழுக்கக் கிண்ணத்தில் போட்ட மீல்வார்ம் புழு ஒன்றும் மிஞ்சாது. குளிர் தொடங்கின பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, இப்போது புழுவைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டு குகைக்குள் போய்விடுகிறது.

நேற்றுக் காலை குகைக்குள்ளே மூன்று புழு கிடந்தது. கால்கூடக் கழரவில்லை. மேலே கோழை பூசின மாதிரி ஈரம், புளித்த நாற்றம். கடைசியாகக் கழித்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. அதுவும் சின்னதாக, வெள்ளையாக வரவேண்டிய பகுதி மஞ்சளாக இருந்தது. ஒக்டோபரில் 58 கிராம், இன்றைக்கு 52. வாலும் மெலிந்துவிட்டது.

இருப்பிடம் 20 கலன் கண்ணாடித் தொட்டி. ஒரு பாதிக்குக் கீழே ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகிற விரிப்பு). பின் கண்ணாடியில் வட்ட வெப்பமானி ஒட்டியிருக்கிறோம், அது எப்போதும் 30 பாகை காட்டும். தரையில் கடைக்காரர் தந்த கல்சியம் மணல், இரண்டு விரல் உயரத்துக்கு. சாப்பாடு மீல்வார்ம் மட்டும், கல்சியம் தூளில் பிரட்டி.

சொந்தக்காரர் ஒருவர் ஒலிவ் எண்ணெய் பருக்கச் சொல்கிறார். வாயைத் திறந்து புழுவை உள்ளே வைக்கிற வீடியோ ஒன்றும் பார்த்தேன். மகன் அழுதுகொண்டே இருக்கிறான். எதைச் செய்யட்டும்?

மழைக்காகம்:

அக்கா, இரண்டையும் செய்யாதீர்கள். பல்லியின் மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பக்கத்திலேயே திறந்திருக்கும். எண்ணெய் ஒரு துளி அந்தப் பக்கம் போனால் நுரையீரல் கெட்டுவிடும், அப்புறம் வயிற்றுக் கதையே மறந்துபோகும். கக்கின பிராணிக்கு மேற்கொண்டு புழுவைத் திணிப்பதும் அப்படித்தான். திரும்பக் கக்கும்.

இன்றைக்குச் செய்யவேண்டியது: சாப்பாட்டை முழுக்க நிறுத்துங்கள். சுத்தமான தண்ணீர் மட்டும் இருக்கட்டும். அப்புறம் ஒரு கேள்வி. குகைக்குள்ளே, அது வயிற்றை வைத்துப் படுக்கிற தரையில், சூடு எவ்வளவு? கண்ணாடியில் ஒட்டின வெப்பமானியை விடுங்கள்.

அரணை_வீடு:

மழைக்காகம் கேட்ட கேள்விதான் முதல் கேள்வி. கால்கூடக் கரையாமல் முழுப் புழு வெளியே வந்திருக்கிறது என்றால் வயிற்றில் செரிமானமே தொடங்கவில்லை என்று பொருள். இந்தப் பிராணிக்கு உடம்புச் சூடு சொந்தமாகக் கிடையாது. வெளியில் கிடைக்கிற சூட்டில்தான் செரிமான நீர் வேலை செய்யும், குடல் அசையும். சூடு போதாவிட்டால் தின்றது உள்ளேயே கிடந்து அழுகும். ஒன்று கக்கும், இல்லாவிட்டால் கட்டும். பசியும் போய்விடும். செரிக்க முடியாத நேரத்தில் சாப்பிடாமல் இருப்பது அதற்கு ஒருவகையில் நல்லதுதான்.

இதன் பிறப்பிடம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பக்கம். பகலில் பாறை இடுக்கில் கிடக்கும், பொழுது சாய்ந்த பிறகு வெளியே வரும். அந்த நேரம் காற்று குளிர்ந்திருந்தாலும் கல்லில் சூடு மிச்சமிருக்கும். அதில் வயிற்றை ஒட்டிப் படுத்துத்தான் செரிக்கிறது. அதனால் தொட்டியில் நமக்கு முக்கியம் தரைச் சூடு. சூடான பக்கத்துக் குகையின் தரை 31 முதல் 33 டிகிரி வரை இருக்கவேண்டும். குளிர்ந்த பக்கம் 24, 25 போதும். இரவில் ஓரளவு குறைந்தால் தப்பில்லை.

ஒட்டுகிற வட்ட வெப்பமானி அந்தக் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும், அதையும் சரியாகச் சொல்லாது. கம்பி நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. நுனியைக் குகைக்குள் தரையோடு படுக்கவைத்து, மூடியை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். விடிகாலையில், வீட்டு ஹீட்டர் குறைந்திருக்கும் நேரத்தில், இன்னொரு தடவை.

உங்கள் தொட்டியில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இரண்டு விரல் மணல் என்பது ஹீட் மேட்டுக்கு மேல் போர்வை போட்ட மாதிரி. கீழே கண்ணாடி கொதிக்கும், மேலே பிராணிக்குச் சூடு வராது. அது மணலைத் தோண்டிக் கண்ணாடியைத் தொட்டால் வயிறு வெந்துவிடும். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் போடவே கூடாது.

சிவப்புமண்:

எல்லாரும் மணலைத் திட்டுகிறீர்கள். என்னிடம் இருப்பது ஆறேழு வருஷமாக மணலில்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

அரணை_வீடு:

சூடும் தண்ணீரும் சரியாக இருந்தால், ஆரோக்கியமான பெரிய கெக்கோ, விழுங்கின கொஞ்ச மணலைக் கழித்துத் தள்ளிவிடும். அதை மறுக்கவில்லை தம்பி. ஆனால் கல்சியம் மணல் வேறு சங்கதி. அதை இதுகள் வேண்டுமென்றே நக்கும், உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால் இன்னும் நக்கும். ஈரம் பட்டால் கட்டிபிடிக்கும். செரிமானம் நின்றிருக்கிற ஒரு வயிற்றுக்குள் அது போவதைத்தான் நான் பயப்படுகிறேன். இதன் சொந்த ஊரிலும் பாலைவன மணல்மேடு கிடையாது. இறுகிய மண்ணும் கல்லும்தான். கடைகள் பாக்கெட்டில் ஒட்டகம் படம் போட்டு விற்றால் நாம் என்ன செய்வது!

கிளுவை:

அண்ணா, அளந்து பார்த்தேன். குகைத் தரை மாலையில் 25.4, விடிய 21. மணலை விலக்கிக் கண்ணாடியில் வைத்தால் 41! மணல் முழுவதையும் அள்ளிவிட்டுக் கிச்சன் பேப்பர் விரித்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் வாங்கியாச்சு. இப்போது குகைக்குள் 32 நிற்கிறது. மிளகு வயிற்றைப் பரப்பிக்கொண்டு அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஆனால் வயிற்றின் ஒரு பக்கத்தில் கருநீலமாக நிழல் தெரிகிறது. அதுதான் அடைப்பா? மெதுவாகத் தேய்த்துவிடட்டுமா?

மழைக்காகம்:

தேய்க்க வேண்டாம். வெளிறிய கெக்கோக்களில் ஈரல் தோலுக்கு ஊடாகவே தெரியும், அதைப் பார்த்துப் பயப்படாதவர்கள் யாரும் இல்லை. அடைப்பு என்றால் வயிறு உப்பி இறுகியிருக்கும், முக்கும், ஒன்றும் வராது, பின்னங்கால் இழுபடக்கூடும். அப்படி எதாவது தெரிந்தால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வைத்தியரிடம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல் கொடுக்கலாம். 30 டிகிரி அளவில், அது நின்றால் வயிறு நனையும், தலை நிமிர்ந்தே இருக்கும் உயரத்துக்குத் தண்ணீர். கால் மணி நேரம் போதும். பக்கத்தை விட்டு நகராதீர்கள். எடுத்ததும் துடைத்து உடனே சூட்டில் விடவேண்டும், ஈர உடம்போடு உங்கள் ஊர்க் குளிரில் நின்றால் செய்த வேலையெல்லாம் வீண். வெள்ளையாக வரவேண்டிய பகுதி (யூரேட்) மஞ்சள் என்றீர்களே, அது பெரும்பாலும் நீர்ச்சத்துக் குறைவுதான். ஈரமான பாசி வைத்த ஒரு டப்பாவும் உள்ளே இருக்கட்டும்.

நொச்சி (லண்டன்):

கெக்கோக்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன். சூடு குறைவு என்பது இந்தக் கதைக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் எடை பத்தில் ஒன்று குறைந்து, வாலும் மெலிந்து, கக்கவும் செய்தால் மலப் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது. கிரிப்டோ என்று சுருக்கமாகச் சொல்கிற கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக் கிருமி இதே முகத்தோடுதான் வரும். வால் குச்சியாகும், தின்றதைக் கக்கும், பேதியாகும். நிச்சயமாகக் குணப்படுத்துகிற மருந்து இன்னும் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும், முக்கியமாக வீட்டில் வேறு ஊர்வன இருந்தால்.

எடுக்கிற முறை: இவை ஒரே மூலையில்தான் கழிக்கும், அந்த மூலையைப் பாருங்கள். புதிதாக விழுந்ததைச் சின்ன ஜிப் பையில் போட்டு, காயாமல் மூடி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவைக்காதீர்கள். ஒரு நாளுக்குள் கொடுத்துவிட்டால் நல்லது. கிருமியின் மரபணுவைத் தேடுகிற பிசிஆர் சோதனை கேளுங்கள். கிருமி எல்லா நாளும் மலத்தில் வராது, ஆகவே ஒரு தடவை இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது. கக்கின புழுவையும் எறிந்துவிடாமல் கொண்டுபோனால் வைத்தியர் சந்தோஷப்படுவார்.

முடிவு தெரியும்வரை இடுக்கி, கிண்ணம் எல்லாம் இதற்கென்று தனியாக இருக்கட்டும். பிளீச் இந்தக் கிருமியைக் கொல்லாது. கொதிநீராவிதான் நம்பத்தகுந்தது. சிலர் அமோனியா பாவிப்பார்கள். அதையும் பிளீச்சையும் எக்காரணம் கொண்டும் கலந்துவிடாதீர்கள், விஷப் புகை வரும்.

சிவப்புமண்:

நானும் நேற்றிரவு அளந்து பார்த்தேன். 32.5. அரணை அண்ணா சொன்னதுதான் காரணம் போல. மணலை எடுக்கமாட்டேன், ஆனால் மற்றவர்களுக்கு இனிச் சிபாரிசு செய்யமாட்டேன்.

கிளுவை:

நல்ல செய்தி பாதி, கேள்வி பாதி.

சூடு சரியான சில நாளில், குளியலுக்குப் பிறகு, கழித்துவிட்டது! பெரிதாக, கறுப்பாக. கரண்டியால் உடைத்துப் பார்த்தால் உள்ளே மணல் நறநறவென்று இருந்தது. அதையே வைத்தியரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் குடலுக்குள் வெள்ளைப் புள்ளிகளாக இன்னும் கொஞ்சம் மணல் தெரிகிறது, ஆனால் அடைக்கவில்லை, நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார். எலும்பு நன்றாக இருக்கிறதாம். மலத்தில் ஊசிப்புழு முட்டை கொஞ்சம், அந்த அளவுக்கு இப்போதைக்கு மருந்து தேவையில்லை என்றார். கிரிப்டோ இல்லை என்று வந்தது. நொச்சி அக்கா சொன்ன மாதிரியே அடுத்த மாதம் திரும்பச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்.

இப்போது 51 கிராம். இரவில் வெளியே வந்து உலாவுகிறது. மீல்வார்ம் வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. எப்படிச் சாப்பிடவைப்பது? வாக்ஸ்வார்ம் புழு கொடுத்தால் எல்லாக் கெக்கோவும் தின்னும் என்று மகன் எங்கேயோ வாசித்திருக்கிறான்.

அரணை_வீடு:

தின்னும். அப்புறம் வேறெதையும் தின்னாது. அது முழுக்கக் கொழுப்பு, இப்போதுதான் எழுந்த வயிற்றுக்கு ஆகாது. கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கிரிக்கெட் பூச்சி ஒன்று வாங்குங்கள். மிளகின் இரண்டு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. பூச்சியின் பின்னங்கால்களைக் கழற்றிவிடுங்கள், பாவம்தான், வேறு வழியில்லை. பொழுது பட்டு அறை வெளிச்சத்தை அணைத்த பிறகு, ரப்பர் நுனி இடுக்கியால் பிடித்து, மூக்குக்கு நேரே நீட்டாமல், பக்கவாட்டில் தரையோடு மெதுவாக அசைத்துக் காட்டுங்கள். முதலில் தலையைத் தாழ்த்தும், பிறகு வால் நுனி பாம்பு மாதிரி நெளியும். வால் நெளிந்தால் கையை ஆட்டாமல் பொறுங்கள், பாயப்போகிறது. நெளியாமல் முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான், எடுத்துவிடுங்கள்.

தின்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். மகன் இன்னும் ஒன்று என்று கேட்பான், கொடுக்கவேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து, கக்காமல் கழித்திருந்தால், அடுத்தது இரண்டு. வளர்ந்த கெக்கோவுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை போதும், ஒன்றுவிட்ட ஒருநாள் கிண்ணம் நிறையப் புழு தேவையே இல்லை. மீல்வார்ம் கொடுப்பதென்றால் தோலுரித்து வெள்ளையாக மெத்தென்று இருப்பதைப் பொறுக்கிக் கொடுங்கள். கொடுக்கிற பூச்சிக்கு முதல்நாள் கரட், கீரை தீனியாகப் போடுங்கள். மிஞ்சின கிரிக்கெட்டை இரவு உள்ளே விட்டுவைக்காதீர்கள், தூங்குகிற பிராணியைக் கடிக்கும். கோடை வந்ததும் தோட்டத்துப் பூச்சி பிடித்துப் போடுகிற ஆசை மகனுக்கு வரும். மருந்தடித்த பூச்சியாக இருக்கலாம். மின்மினி ஒன்று போதும், ஆளை முடித்துவிடும்.

நொச்சி (லண்டன்):

ஆண் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். குளிர்காலம் முடிந்து இனச்சேர்க்கைக் காலம் வரும்போது நல்ல ஆண்களே சில வாரம் சாப்பாட்டை விட்டுவிடும். அப்போது எடை பெரிதாக இறங்காது. தோல் உரிக்கும் முன்பும், உடம்பு சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருக்கும்போது, சாப்பிடாது. ஆகவே சாப்பிட்டதா என்று எழுதிவைப்பதைவிட வாரம் ஒருநாள் தராசில் வைத்து எழுதுங்கள். 50க்குக் கீழே போனால் அடுத்த சோதனைவரை காத்திருக்காமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள். ஊசிக்குழாயால் ஊட்டுகிற மருந்து உணவு இருக்கிறது, அதை அவர்தான் அளவு சொல்லித் தரவேண்டும்.

கிளுவை:

ஒரு கிரிக்கெட். வால் நெளிந்தது! கக்கவில்லை, மூன்றாம் நாள் கழித்தது, வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே. நேற்று இரண்டு தின்றது. இன்றைக்கு 52. எல்லாருக்கும் நன்றி. மகன் தராசுப் பக்கத்தில் கொப்பி வைத்திருக்கிறான்.

பனங்கிழங்கு:

இந்த இழையிலேயே கேட்கிறேன், மன்னிக்கவும். என் பெண் கெக்கோவும் சில நாளாகச் சாப்பிடவில்லை. தரைச் சூடு 32 சரியாக இருக்கிறது, எடை குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. வயிற்றைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பாக வட்டம் தெரிகிறது. ஆண் எதுவும் வீட்டில் இல்லை.

நொச்சி (லண்டன்):

அது பெரும்பாலும் உள்ளே உருவாகிற முட்டை. ஆண் இல்லாமலும் வரும், சிலது அப்படியே உடம்போடு கரைந்துவிடும், சிலது கருவில்லாத முட்டையாக இடும். ஈரமான தேங்காய்நார்த் தூள் நிரப்பிய ஒரு மூடின டப்பாவைச் சூடான பக்கத்தில் வையுங்கள், கல்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோண்டித் தோண்டிப் பார்த்தும் முட்டை வராமல் முக்கிக்கொண்டிருந்தாலோ, சோர்ந்து படுத்துவிட்டாலோ உடனே வைத்தியரிடம் போகவேண்டும். படம் ஒன்று எடுத்துத் தனி இழையில் போடுங்கள், பார்க்கிறேன்.