ஆம்னி கியர் பாக்ஸை வீட்டு முற்றத்தில் வைத்தே இறக்க முடியுமா?

புளியரை சாரல்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எனக்குச் செங்கோட்டைப் பக்கம் புளியரை. 2009 மாடல் ஆம்னி வச்சிருக்கேன். விடியக்காலம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல காய்கறி ஏத்தி, கோட்டைவாசல் ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியா புனலூர் வரைக்கும் ஏழெட்டுக் கடைக்குப் போடுதேன். பின் சீட்டை எப்பவோ கழத்தி பரண்ல போட்டாச்சு. முருங்கைக்காய்க் கட்டு நீளத்துக்கு அதுதான் தோது.

மூணு வாரமா கிளச் வழுக்குது. எஸ் வளைவு ஏறும்போது ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டரை மிதிச்சா இஞ்சின் கத்துது, வண்டி நவுர மாட்டேங்குது. இந்த வண்டிக்கு இஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலதானே, கருகல் வாசனை நேரா மூக்குக்கே வருது. நேத்து ஆரியங்காவு தாண்டி வண்டியை ஓரங்கட்டி, ஆறட்டும்னு அரை மணி நேரம் நின்னேன். முருங்கைக்காய் ஆறிப்போச்சு, வாசனை போவல.

டவுன்ல ஒரு பட்டறையில கேட்டதுக்கு, கியர் பாக்ஸை இறக்கி கிளச் பிளேட்டை மாத்தணும், சாமான் தனி, கூலி 3,500, மூணு நாள் வண்டி நிக்கணும்னு சொல்லுதாங்க. மூணு நாள்னா எத்தனை நாள்னு எனக்குத் தெரியும். போன வருசம் வேற ஒரு இடத்துல வாட்டர் பம்பு மாத்த விட்டுட்டு ஒரு வாரம் நடையா நடந்தேன். ஓணத்துக்கு இருபது நாள்தான் கிடக்கு. வருசத்துல நான் நாலு காசு பாக்குத நாளு அதுதான்.

பிரேக் ஷூ, வீல் பேரிங், ஆல்டர்னேட்டர் பெல்ட் எல்லாம் நானே மாத்திப் பழக்கம். கியர் பாக்ஸ் பக்கம் கை வச்சதில்ல. கையில ஸ்பேனர் செட், சாக்கெட் செட், ஒரு 2 டன் ட்ராலி ஜாக்கி, வண்டியோட வந்த ஜாக்கி இருக்கு. தூக்குன வண்டியைத் தாங்குத குதிரை ஸ்டாண்டு ரெண்டு மச்சானுட்ட இரவல் கிடைக்கும். குழி கிடையாது. தொழுவத்துக்கு முன்னால கொஞ்சம் சிமெண்டுத் தரை, மிச்சம் மண்ணு. ஆடிச் சாரல் வேற, தார்ப்பாய் கட்டித்தான் வேலை பாக்கணும்.

இஞ்சினை இறக்காம கியர் பாக்ஸை மட்டும் எடுக்க முடியுமா? ரெண்டு ஆளு போதுமா? இதுக்கு முன்னால வீட்டுலயே செஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

கோபாலபுரம் லேத்து:

ஏனுங்க, முதல்ல கிளச் கேபிளைப் பார்த்தீங்களா? கேபிள் இறுக்கமா இருந்தா, பெடல்ல கால் வைக்காமயே பாதி மிதிச்ச கணக்குத்தானுங்க. கிளச் பிளேட்டு நல்லா இருந்தாலும் வழுக்கும். ரெண்டு நட்டைத் தளர்த்தினா தீர்ற காரியத்துக்குக் கியர் பாக்ஸை இறக்கின ஆளுக எத்தனையோ பேரு.

புளியரை சாரல்:

பாத்தாச்சு அண்ணாச்சி. பெடலைக் கையால அமுக்குனா ஒரு விரல்கடை அளவு சும்மா போவுது, அதுக்கு அப்புறம்தான் பிடிக்குது. சமதரையில நாலாவது கியர்ல மெதுவா போய்ட்டு ஒரே மிதி மிதிச்சும் பாத்தேன். சத்தம் ஏறுது, வேகம் ஏறல.

கம்பம்மெட்டு ஜீப்:

அப்ப இறக்க வேண்டியதுதான் தம்பி. கம்பத்துல இருந்து எழுதுறேன். பதினெட்டு வருசம் ஏலத்தோட்ட ஆளுகளை ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டு ஏறி இறங்குனவன். ஜீப்புல எத்தனை தடவை கியர் பெட்டி இறக்குனேன்னு கணக்கு இல்ல. ஆம்னில ரெண்டே தடவை. அதுல ரெண்டாவது தடவை, முதல் தடவை பண்ணுன கோளாறால. அதைக் கடைசில சொல்றேன்.

இஞ்சினைத் தொட வேண்டாம். மாருதி 800 வச்சிருக்கவன் சொல்றதைக் கேட்டுக் குழம்பிறாத. 800ல இஞ்சின் குறுக்க கிடக்கும், இழுவை முன் வீலுக்கு, ரெண்டு பக்கமும் டிரைவ் ஷாப்ட்டை உருவணும். உனக்கும் அதே 796 சிசி மூணு சிலிண்டர்தான், ஆனா நீளவாக்குல கிடக்கு. இஞ்சின், அதுக்குப் பின்னாடி பெட்டி, அதுக்குப் பின்னாடி இழுவையைப் பின் வீலுக்குக் கொண்டுபோற ப்ரொபெல்லர் ஷாப்ட், கடைசில பின் ஆக்சில். பெட்டியைப் பின்னாடி தள்ளி, கீழ இறக்கணும். அம்புட்டுத்தான்.

வண்டியைச் சிமெண்டுத் தரைல முன்பக்கம் வர்ற மாதிரி நிறுத்து. மண்ணுல ஸ்டாண்டு வைக்கிறதா இருந்தா அடியில நல்ல கனமான பலகை போடு. நனைஞ்ச மண்ணு நீ உள்ள படுத்திருக்கிற நேரத்துலதான் உள்வாங்கும். செங்கலு, ஹாலோ பிளாக்கு அடுக்குறதை நினைச்சும் பார்க்காத. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ள தலையைக் கொடுக்காத. இன்னொரு விசயம். கியர்ல போட்டு நிறுத்தியிருக்கேன், வண்டி உருளாதுன்னு நினைப்போம். ப்ரொபெல்லர் ஷாப்ட்டைக் கழட்டுன மறு நிமிசம் கியருக்கும் வீலுக்கும் சம்பந்தம் கிடையாது. ஹேண்ட் பிரேக்கு பின் வீலைத்தான் பிடிக்கும். அதனால பின் வீலு தரையில இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ரெண்டு வீலுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடு.

முந்தின நாள் ராத்திரியே போல்ட்டுக்கெல்லாம் டபிள்யூடி-40 அடிச்சு விட்டுரு. காலைல பேட்டரி மைனஸைக் கழட்டு; ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வர்ற கெட்டி ஒயர்ல எப்பவும் கரண்டு நிக்கும், ஸ்பேனரு பாடில பட்டா வெல்டிங்கே நடந்துரும். அப்புறம் கியர் ஆயில். வடிக்கிற போல்ட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி, ஊத்துற போல்ட்டு திறக்குதான்னு பாரு. ஆயிலை எல்லாம் வடிச்சுட்டு, மேல் போல்ட்டு தலை ரவுண்டாயிருச்சுன்னா நீ எங்குட்டு ஊத்துவ?

ப்ரொபெல்லர் ஷாப்ட்டுக்கு ஆக்சில் பக்கம் நாலு போல்ட்டு. கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு முகத்துக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிக்க, திரும்ப அதே கோட்டுல சேரணும். இல்லேன்னா ஓட்டத்துல அதிர்வு வரும். முன்பக்கம் போல்ட்டு கிடையாது, பெட்டி வாலுல சொருகியிருக்கும், இழுத்தா வந்துரும். வந்த உடனே அந்த ஓட்டைல ஒரு பாலிதீன் பையைச் சுத்தி ரப்பர் பேண்டு போடு. வடிச்சது போகக் கொஞ்சம் நிக்கும், அது நேரா உன் காதுக்குள்ளதான் வரும்.

கிளச் கேபிளு, ஸ்பீடோ கேபிளு, ரிவர்ஸ் லைட்டு ஒயரு, கியர் லிவர் இணைப்பு, ஸ்டார்ட்டரு. இதெல்லாம் உனக்கே தெரியும். போல்ட்டை டப்பால மொத்தமா கொட்டாத. அட்டைப் பெட்டில பெட்டியோட வட்டத்தை வரைஞ்சு, எந்த போல்ட்டு எங்க இருந்துச்சோ அங்கயே குத்தி வை. நீளமான போல்ட்டைக் குட்டை இடத்துல முறுக்குனா அலுமினியத்துல மரை போயிரும். மரை போனா லேத்துக்காரருக்குத்தான் லாபம். (கோபாலபுரத்துக்காரரு கோவிச்சுக்கக் கூடாது.)

இனிமேதான் சூதானம் வேணும். பின்னாடி இருக்கிற மவுண்டைக் கழட்டுனா இஞ்சின் பின்பக்கமாத் தொங்கும். அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே இஞ்சின் சம்புக்கு (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) அடியில பலகை வச்சு, வண்டியோட வந்த ஜாக்கியால முட்டுக் கொடு. ட்ராலி ஜாக்கி பெட்டிக்கு. பெட்டி சிமெண்டு மூட்டை அளவுக்குக் கனம் இல்ல. ஆனா மல்லாந்து படுத்துக்கிட்டு நெஞ்சு மேல வாங்குற சாமானும் இல்ல. பெல் ஹவுசிங் (இஞ்சினோட சேர்ற பெட்டியோட அகலமான வாய்) போல்ட்டு எல்லாம் போன பிறகும் ரெண்டு டவல் பின்னு (நேர் நிறுத்துற முளை) கவ்விப் பிடிச்சிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை நடுவுல விட்டு நெம்பாத, முகம் பள்ளமாயிரும். ரெண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி இழு. இஞ்சினும் பெட்டியும் ஒரே நேர்கோட்டுல நிக்கணும். முன் ஷாப்ட்டு கிளச் பிளேட்டை விட்டு முழுசா வெளிய வர்ற வரைக்கும் பெட்டியோட கனம் ஒரு நொடி கூட அந்த ஷாப்ட்டுல தொங்கக் கூடாது. மாட்டும்போதும் அதேதான். தொங்குனா பிளேட்டோட நடுப்பாகம் வளைஞ்சு, புதுப் பிளேட்டும் போயிரும்.

கிளச் பிளேட்டை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டு போல்ட்டை ஒண்ணு ஒண்ணா முழுசாக் கழட்டாம, எதிர் எதிரா அரைச் சுத்து அரைச் சுத்தாத் தளர்த்து. உள்ள இருக்கிற தூசியை வாயால ஊதாத. ஈரத் துணியால தொட. ஃப்ளைவீலு (இஞ்சின் பின்னாடி சுத்துற கனமான சக்கரம்) நடுவுல இருக்கிற குட்டி பேரிங்கை விரல விட்டுச் சுத்திப் பாரு, கரகரன்னா அதையும் மாத்து. பெடலை மிதிச்சா கிளச்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கு கேட்கவே வேண்டாம், புதுசு போடு.

இப்ப என் கோளாறு. பிளேட்டுல ஒரு பக்கம் நடுப்பாகம் துருத்திக்கிட்டு இருக்கும். அது பெட்டியைப் பார்த்து நிக்கணும். நான் ஃப்ளைவீலைப் பார்த்து வச்சுட்டேன். எல்லாம் மாட்டி, ஆயில் ஊத்தி, குளிச்சுட்டு வந்து ஸ்டார்ட் பண்ணி கிளச்சை மிதிச்சா, கியரு கரகரன்னு அரைக்குது, விழ மாட்டேங்குது. கேபிளை இறுக்குனேன், தளர்த்துனேன், கேபிளையே மாத்துனேன். மறுநாள் திரும்பவும் பெட்டியை இறக்குனேன். எம் மகன் இன்னைக்கும் வீட்டுல சட்டையைத் திருப்பிப் போட்டவனைப் பார்த்தா "அப்பா பிளேட்டு"ம்பான்.

பெட்டி திரும்ப ஏறும்போது கடைசி ஒரு அங்குலம் சேராது. போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்த்துறலாம்னு கை அரிக்கும். இழுத்தா பெட்டியோட போல்ட்டுக் காது உடையும். பெட்டியை ஏதாவது ஒரு கியர்ல போட்டு, வாலுப் பக்கம் ப்ரொபெல்லர் ஷாப்ட்டோட முனையைச் சொருகி மெதுவாத் திருப்பு. பல்லு பல்லோட சேர்ந்து தானா உள்ள போகும்.

கோபாலபுரம் லேத்து:

கோவிச்சுக்கலீங்க. பிளேட்டை நடு மையத்துல நிறுத்தாம பிரஷர் பிளேட்டை இறுக்கினா அந்தக் கடைசி அங்குலம் எப்பவுமே சேராதுங்க. அதுக்குக் கடையில தனி டூல் விக்குது. பழைய பெட்டியோட முன் ஷாப்ட்டு கிடைச்சா அதுவே போதும். ரெண்டும் இல்லைன்னா காஞ்ச மரக்கட்டையில, நுனி அந்தக் குட்டி பேரிங்குக்கும், அதுக்கு மேல பிளேட்டு ஓட்டைக்கும் கச்சிதமா வர்ற மாதிரி ரெண்டு கனத்துல செதுக்கிக்கலாமுங்க. லூசா இருந்தா இன்சுலேஷன் டேப்பு நாலு சுத்து.

புளியரை சாரல்:

ஞாயித்துக்கிழமை இறக்கியாச்சு அண்ணாச்சி. நானும் மச்சானும்தான். காலைல ஏழு மணிக்குத் தொடங்குனது, பெட்டி தரைக்கு வரும்போது மூணு ஆயிட்டு. அதுல ரெண்டு மணி நேரம் ஸ்டார்ட்டரோட ஒத்தை போல்ட்டுக்கே போச்சு. தார்ப்பாய்ல தண்ணி கட்டி ஒரு ஓரமாச் சரிஞ்சு, மச்சான் முதுகுல மொத்தமா ஊத்திட்டு. அம்மை திண்ணையில இருந்துகிட்டு, "பசுவுக்குப் பேறுகாலம் பாக்க கூட இவ்வளவு நேரம் ஆவாதுலே"ன்னு சொல்லுதா.

ஆனா ஒரு சந்தேகம். பிளேட்டைக் கழத்திப் பாத்தா தேயவே இல்ல, ரிவெட்டுக்கு மேல நல்ல கனம் இருக்கு. ஆனா கறுப்பா, எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு. பெல் ஹவுசிங் உள்ளயும் அடியில எண்ணெய் தேங்கி நிக்கி. பெட்ரோல்ல கழுவிட்டு அதையே போட்டுருவமா?

கம்பம்மெட்டு ஜீப்:

கழுவுனாலும் பிரயோசனம் இல்ல. பிளேட்டுக்குள்ள ஊறுன எண்ணெய் சூடேறுனதும் திரும்ப வெளிய வரும். புதுசு போடு. ஆனா அதுக்கு முன்னாடி எண்ணெய் எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கலேன்னா ஓணம் முடியிறதுக்குள்ள மறுபடி இதே கதைதான்.

விரல்ல தொட்டு மோந்து பாரு. கியர் ஆயில்ல கந்தகம் சேர்ந்த மருந்து இருக்கும், அழுகுன முட்டை மாதிரி மூக்கைப் பிடுங்கும். அப்படி இருந்தா பெட்டியோட முன் ஷாப்ட்டு சீலு (எண்ணெய் கசியாம அடைக்கிற வளையம்) போயிருச்சு. அந்த நாத்தம் இல்லாம, தண்ணியா, கறுப்பா இருந்தா இஞ்சின் ஆயிலு. அப்ப கிராங்குக்கு (இஞ்சினோட சுழல் தண்டு) பின்னாடி இருக்கிற சீலு போயிருச்சு. அதுக்கு ஃப்ளைவீலையும் கழட்டணும். போல்ட்டை இறுக்க, இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்சு யாருகிட்டயாவது வாங்கிக்க, அந்த இடத்துல மட்டும் கைக்கணக்கு வேண்டாம்.

புளியரை சாரல்:

மோந்து பாத்தோம். நாத்தம் இல்ல, இஞ்சின் ஆயில்தான். மச்சான் நம்பாம கியர் ஆயில் வடிச்ச சட்டியையும் மோந்து பாத்துட்டு, அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

சாமான் எல்லாம் புனலூர்ல வாங்குனேன். காய் போடுத கடைக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்பேர் கடை. கடைக்கார சேட்டன் நல்லா தமிழ் பேசுவாரு. அவரு தாத்தாவுக்குச் செங்கோட்டையாம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்களும் அந்தப் பக்கத்து, திருவிதாங்கூர்-கொச்சி ஆளுங்கதானே. கிளச் செட்டு எடுத்துக் குடுக்கும்போது அவரே, "பின்சீல் மாத்தியோ?"ன்னு கேட்டாரு. சீலு விலை நூத்திச் சொச்சம்தான். அந்த நூத்திச் சொச்சத்துக்காகத்தான் இவ்வளவும்.

புதுச் சீலோட உதட்டுல கொஞ்சம் ஆயில் தடவி, தட்டையான கட்டையை வச்சுத் தட்டி இறக்குனோம். மையம் பாக்க வாகைக் கட்டையில ஒண்ணு செதுக்குனேன், டேப்பு ஆறு சுத்து. பிளேட்டோட துருத்துன பக்கத்துல சாக்பீஸால "பெட்டி"ன்னு எழுதி வச்சுட்டுத்தான் கையில எடுத்தேன். கடைசி அங்குலம் நீங்க சொன்ன மாதிரியே அடம் பிடிச்சுது. மூணாவது கியர்ல போட்டு வாலைத் திருப்பவும், டொக்குன்னு உள்ள போச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் மச்சான் வண்டிக்கு அடியிலயே படுத்துக்கிட்டுச் சிரிக்கான்.

இன்னைக்குக் காலைல முந்நூறு கிலோவுக்கு மேல ஏத்திட்டு எஸ் வளைவு ஏறுனேன். ரெண்டாவது கியர்ல திமிறாம ஏறுது, வாசனையும் இல்ல. ஒரே ஒரு விசயம். புனலூர்ல நிறுத்துன இடத்துல பெட்டியோட வாலுப் பக்கம் ரெண்டு சொட்டு கிடக்கு. மோந்து பாத்தேன், இது முட்டை நாத்தம். வாலு சீலும் போயிட்டா?

கம்பம்மெட்டு ஜீப்:

சீலு வாங்க ஓடாத. பெட்டிக்கு மேல ஒரு குட்டி மூச்சுக்குழல் இருக்கும். அது சேறு அடைச்சிருந்தா உள்ள சூடேறுன காத்து போக வழியில்லாம ஆயிலைச் சீலு வழியாத் தள்ளும். கம்பியை விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணிட்டு ரெண்டு நாளு ஓட்டிப் பாரு. ஆயில் அதிகமா ஊத்துனியா? சமதரைல நிறுத்தி ஊத்துற போல்ட்டைத் திற, மிச்சம் இருந்தா வழிஞ்சுரும்.

புளியரை சாரல்:

முன்பக்கம் ஸ்டாண்டுல நிக்கும்போதேல்லா ஊத்துனேன். நாளைக்குப் பாக்குதேன் அண்ணாச்சி.