பத்தாவது படிக்கும் மகளுக்கு ஆயுள் காப்பீடு தேவையா?

வணக்கம். என் மகளுக்கு 15 வயது. முகவராக இருக்கும் என் பெரியப்பா மகன், அவள் பெயரில் ஆண்டுக்கு 24,000 ரூபாய் கட்டும் 20 வருட பாலிசி போடச் சொல்கிறார். பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸோடு விண்ணப்பம் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி.

சம்பாதிப்பவர் போய்விட்டால் குடும்பம் தடுமாறக் கூடாது என்றுதானே காப்பீடு? என் கணவருக்கே 5 லட்சத்துக்குத்தான் இருக்கிறது. முதலில் அவருக்கு டேர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுத்துவிட்டு, மீதியை மகள் பெயரில் பிபிஎஃப் என்ற அரசு சேமிப்புத் திட்டத்தில் போடலாமா? செல்வமகள் கணக்குக்கு 10 வயது தாண்டிவிட்டது.

சிறு வயதில் பிரீமியம் குறைவு என்கிறார் அண்ணன். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பித் தரலாம், சரி. ஆனால் அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பிள்ளைகளுக்கு எடுத்தவர்கள், முதிர்ந்தபோது கையில் எவ்வளவு வந்தது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார்.